மடிக்கணினியில் தேநீர் சிந்தினால்...

"பதறாத காரியம் சிதறாது" என்பது பழமொழி. ஒருநாள் மாலை நான் பதறினேன், காரியம் சிதறியது. அதனால் கற்ற பாடத்தை அன்புத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2011ஆம் ஆண்டில் தமிழக அரசு, அரசுப் பள்ளி மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் என் அக்காவுக்குக் கிடைத்ததே எங்கள் வீட்டின் ஒரே கணினி. போட்டித் தேர்வுக்காக அக்கா ஈராண்டுகள் சேர்த்த குறிப்புகள் யாவும் அதில்தான் இருந்தன.

இத்தலாரில் அன்று நல்ல மழை. குளிருக்கு இதமாகத் தேநீரை அருகில் வைத்துக்கொண்டு கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கை பட்டுக் குவளை கவிழ்ந்தது. திரை அணைந்தது. துண்டால் துடைத்துவிட்டு, கெட்டுவிட்டதோ என்ற அச்சத்தில் மூன்று முறை இயக்கிப் பார்த்தேன். பின்னர் யாரிடமும் சொல்லாமல் உறங்கிவிட்டேன்.

இவை எவ்வளவு பெரிய தவறுகள் என்பதைப் பிறகே அறிந்தேன். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் தேநீரில் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றின் அயனிகள் வழியே மின்சாரம் பாயக்கூடாத இடங்களுக்குப் பாய்கிறது. ஈரத்தோடு மின்னோட்டமும் சேர்ந்தால், நாம் வேதியியலில் படித்த மின்னாற்பகுப்பு அங்கே நிகழ்ந்து, மெல்லிய செம்புத் தடங்கள் அரிக்கப்படுகின்றன. ஆகவே, நான் ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தியபோதும் கேட்டை வளர்த்தேன்!

அப்படியானால் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, உலர்ந்த கையால் சார்ஜரைப் பிடுங்குக. கணினியின் மின்பொத்தானைப் பத்து விநாடிகள் போல அழுத்திப் பிடித்தால் அது முழுவதும் அணைந்துவிடும். பேட்டரி கழற்றக்கூடியதாயின் கழற்றிவிடுக.

இரண்டாவது, திறந்த புத்தகத்தைக் குப்புற வைப்பதுபோல் கணினியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். குலுக்கலாகாது. பருத்தித் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

மூன்றாவது, அடுப்பருகே வைப்பதும் சூடான காற்றை ஊதுவதும் கூடாது. வெப்பத்தால் பிளாஸ்டிக் பகுதிகள் நெளிந்துவிடும். அரிசியில் புதைப்பதும் பயன் தராது. அதன் தூசி உள்ளே புகும்.

"இரண்டு நாள் காயவைத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். நம் மலையில் மழைக்காலத்தில் துவைத்த சீருடை எத்தனை நாளில் காய்கிறது? காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் எதுவும் எளிதில் உலர்வதில்லை. அப்படியே உலர்ந்தாலும் நீர் மட்டுமே ஆவியாகும். பாலும் சர்க்கரையும் உப்பும் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஆதலால் பழுது பார்ப்பவரிடம் விரைவில் கொடுப்பதே நன்று. அவர் அதைத் திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு தூய்மை செய்வார். என்ன சிந்தியது என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் அக்காவிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அக்கா கோபிக்கவில்லை. "நேற்றே சொல்லியிருந்தால் விசைப்பலகையோடு போயிருக்குமே!" என்று மட்டும் சொன்னாள். உதகையில் பழுது பார்த்தவர் தாய்ப்பலகையும் அரித்துவிட்டது என்றார். நல்லவேளையாக வன்தட்டு நனையவில்லை. அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் குறிப்புகளை மீட்டுத் தந்தார். ஆனால் பழுதுக்கான தொகை, அம்மா மழையில் நனைந்து தேயிலை பறித்துச் சேர்த்த பணம். அதை எண்ணும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது.

தோழியரே! கணினி இருக்கும் மேசையில் குவளையை வைக்காதீர்கள். முக்கியமானவற்றை வேறோர் இடத்திலும் படியெடுத்து வையுங்கள். தவறிச் சிந்திவிட்டால், முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். அடுத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். சிந்திய தேநீர் செய்த கேட்டைவிட, நான் மறைத்த அந்த ஓர் இரவு செய்த கேடே பெரிது.