பூட்டு உடையவில்லை, பணம் போயிற்று!

பூட்டும் நல்ல பூட்டு. சாவியும் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் பெட்டியிலிருந்த பணத்தைக் காணோம். இது என்ன மாயம் என்கிறீர்களா? மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. கம்ப்யூட்டர் விஞ்ஞானிகளின் கண்ணில் 17 வருஷம் படாமல் இருந்த ஒரு சின்ன ஓட்டைதான்!

1978-ஆம் ஆண்டில் ரோஜர் நீதாம், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர், தூரத்திலிருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வழி சொன்னார்கள். நான் ஒரு ரகசிய எண்ணைப் பூட்டி உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் திறந்து, உங்கள் எண் ஒன்றையும் சேர்த்துப் பூட்டி எனக்கு அனுப்புகிறீர்கள். உங்கள் எண்ணை நான் பூட்டித் திருப்பி அனுப்புகிறேன். சாவி உள்ளவர்தானே திறந்திருக்க முடியும்? ஆகவே, ஆள் அசல்தான்!

கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் 1995-இல் கவின் லோ என்பவர் இதிலுள்ள கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்.

பெரம்பூர் பாரக்ஸ் ரோடில் அலமேலு அம்மாள் என்று ஒருவர் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கடை என்று நம்பி அவர் ஒரு போக்கிரியிடம் பேச்சைத் தொடங்குகிறார். அந்தப் பேர்வழி அவருடைய எண்ணையே மறுபடி பூட்டிப் பாங்கிக்கு அனுப்பி, "நான்தான் அலமேலு" என்கிறான். பாங்கி, அலமேலு அம்மாள் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டைப் போட்டுத் தன் எண்ணை அனுப்புகிறது. போக்கிரியால் அதைத் திறக்க முடியாது. அதனால் என்ன? அதை அம்மாளிடமே நீட்டுகிறான்! கடையின் எண்தான் என்று எண்ணி, அவர் திறந்து அவனிடமே சொல்லிவிடுகிறார். தீர்ந்தது காரியம்!

லோ சொன்ன பரிகாரம் மிகவும் எளிது. பூட்டுக்குள், எண்ணோடு அனுப்பியவர் பெயரையும் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். வந்தது கடையிலிருந்து அல்ல, பாங்கியிலிருந்து என்று அம்மாளுக்கு உடனே விளங்கிவிடும்.

இப்படி இன்னும் எத்தனை ஓட்டைகளோ! எந்த முறையைக் கொடுத்தாலும் ரகசியம் கசியுமா, கசியாதா என்று தீர்த்துச் சொல்லப் பொதுவான கணக்கு வழி கிடையாது என்று நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் சென்னை ஆராய்ச்சியாளர்களான ஆர். ராமானுஜமும் எஸ். பி. சுரேஷும் 2003-இல் ஒரு நல்ல சேதி சொன்னார்கள். சமையலறை டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டுகிறோமே, அதுபோல, பூட்டிய ஒவ்வொரு பகுதிக்கும் அடையாளச் சீட்டு வைத்தால், ரகசியம் கசியுமா என்று தீர்த்துச் சொல்ல முடியும் என்பதே அது.

நம் வீட்டுப் போனில் வரும் ஓ.டி.பி. எண்ணுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று உடன் எழுதியிருப்பதையும் படியுங்கள். எவ்வளவு நயமாகக் கேட்டாலும் எவரிடமும் சொல்லாதீர்கள். தப்பித்தவறி ஏமாந்துவிட்டால், வீட்டாரிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறிக் கைமாறி மறைவதற்குள் தடுத்து நிறுத்த வழி உண்டு.