எக்ஸ்ரே சரி; பஸ் ஏற முடியுதா?
இடுப்பு மூட்டு ஆபரேஷன் ஆனவர்களுக்கு 12 கேள்வி!

விழுப்புரம்:—

இடுப்பு மூட்டை மாற்றி ஆறு மாதம். எக்ஸ்ரேயில் கிண்ணமும் பந்தும் கச்சிதம். “எப்படிம்மா இருக்கு?” என்று டாக்டர் கேட்டால், “பரவாயில்லீங்க” என்பதுதான் நம் ஊர்ப் பதில். ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் தவிப்பதை யார் சொல்கிறார்கள்?

இந்தப் ‘பரவாயில்லீங்க’வுக்குத்தான் வேட்டு வைக்கிறது ஒரு கேள்வித்தாள்!

நோயாளியே மார்க் போடலாம்

1996-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு டாக்டர்களும் ஆராய்ச்சியாளர்களும் தயாரித்தது இது. மொத்தம் 12 கேள்வி. கடந்த 4 வாரத்தில் வலி எப்படி? குளிக்க முடிகிறதா? மாடிப்படி ஏற முடிகிறதா? கடைக்குப் போய்வர முடிகிறதா? பஸ், காரில் ஏறி இறங்க முடிகிறதா? ராத்திரி வலிக்கிறதா?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். முழு மார்க் 48. மார்க் ஏறினால் குணம்! டாக்டர் அல்ல, நோயாளியே பதில் தருவதுதான் இதில் விசேஷம்.

2009 ஏப்ரல் முதல் இங்கிலாந்து அரசு மருத்துவத் துறை ஆபரேஷனுக்கு முன் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை கேட்கத் தொடங்கியது. இரண்டு தாளையும் ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

3,600 பேர் எங்கே?

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? டீப்யூ கம்பெனியின் ‘ஏ.எஸ்.ஆர்.’ இடுப்பு மூட்டே சாட்சி. உலோகத்தோடு உலோகம் உரசி, துகள் உடம்பில் கலந்தது. 5 வருடத்துக்குள் நூற்றுக்கு 12, 13 பேருக்கு மறு ஆபரேஷன் என்று இங்கிலாந்துப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2010 ஆகஸ்டில் கம்பெனி மூட்டைத் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன் நடந்திருந்தது. மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்தபோது, சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை! நஷ்டஈடு கொடுக்கவும் ஆளைத் தேட வேண்டிய கதி.

நம்ம ஊருக்கு எது?

ஆக்ஸ்போர்டு தாள் காலுறை மாட்ட முடிகிறதா என்றும் கேட்கிறது. இங்கே எத்தனை பேர் காலுறை போடுகிறார்கள்? சம்மணம் போடாதே, குந்தாதே என்று டாக்டர்கள் எச்சரிப்பது வழக்கம். வீட்டில் நாற்காலிக் கக்கூஸ் இருக்கிறதா? விழுப்புரம் ஜங்ஷன் மேம்பாலம் ஏற முடியுமா? திண்டிவனம் பஸ்ஸில் நின்றபடி வர முடியுமா? இதையும் சேர்த்துக் கேட்டால்தான் நிஜம் தெரியும்.

முண்டியம்பாக்கமோ, ஜிப்மரோ, சென்னையோ, எங்கே ஆபரேஷன் செய்தாலும் மூட்டின் பெயர், நம்பர் உள்ள டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். போன் நம்பர் மாறினால் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். வலி இருந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்!