தாய்வழி மரபணுவும் மலையாற்று மீன்களும்

இலங்கையில் பெரகலையை அடுத்த அப்புத்தளை மலைத்தொடர் ஒரு நீர்ப்பிரிமேடு ஆகும். அதன் வடசரிவின் நீர் உமா ஓயாவழி மகாவலியைச் சேர, தென்சரிவின் ஓடைகள் வளவையையும் கிரிந்தி ஓயாவையும் நாடுகின்றன. தேயிலைத் தோட்டங்களினூடே சில கிலோமீற்றர் இடைவெளியில் ஓடினாலும், இவ்வாறுகளின் நன்னீர் மீன்கள் நிலத்தைக் கடந்து கலக்க இயலாது. கொஸ்லந்தை அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியையும் எந்த மீனும் ஏறிக் கடப்பதில்லை. இத்தகைய பிரிவின் தொன்மையை அறிய உதவுவது, உயிரணுவுக்குச் சக்தி வழங்கும் இழைமணியின் டி.என்.ஏ. ஆகும்.

மீன்களில் ஏறத்தாழ 16,500 கார இணைகள் கொண்ட இச்சிறு வளையம் பொதுவாகத் தாயிடமிருந்தே வருகிறது. மிகச் சிறு செட்டைத் துண்டிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்து, 'சைட்டோகுரோம் பி' போன்ற மரபணுவின் எழுத்து வரிசையை மீனுக்கு மீன் ஒப்பிடலாம். வேறுபாடுகள் மிகுந்தால், பிரிவும் பெரும்பாலும் பழையது எனக் கொள்ளப்படும்.

2004இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்று, நன்னீர் மீன்கள் உள்ளிட்ட உயிரினங்களை ஆராய்ந்து, கடந்த 5 இலட்சம் ஆண்டுகளில் இலங்கையும் இந்தியாவும் பலமுறை நிலத்தால் இணைந்திருந்தபோதும் அவற்றின் பரிமாற்றம் குறைவாகவே நிகழ்ந்ததைக் காட்டியது. ஈரமலைகளின் உயிர்களுக்கு இடைப்பட்ட வறள்நிலமே தடையாயிருந்திருக்கலாம். எனினும், தந்தைவழியையும் இனக்கலப்பையும் இழைமணி தனித்துக் காட்டாதாகையால், உயிரணுக் கருவின் மரபணுக்களையும் உடன் ஆராய்வதே முறையாகும்.