பெயரில்லாத மாத்திரை

டீ டைம் விட்டாயிற்று, இப்படி உட்கார் அம்மிணி. ‘சூட்டினால் வெள்ளைப்படுது, மோர் குடி’ என்றுதானே உனக்குச் சொன்னார்கள்? தாராளமாகக் குடி. ஆனால் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார முடியாமல் அரிக்கிறதே, அதற்குக் காரணம் சூடு அல்ல. கேண்டிடா என்கிற பூஞ்சையாக இருக்கலாம்.

நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. கல்யாணம் ஆகாதவளுக்கும் வரும். நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பல பெண்களின் உடம்பில் இந்தப் பூஞ்சை எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலோ, கர்ப்பமானாலோ, ரத்தத்தில் சர்க்கரை கூடினாலோ பெருகிவிடும். ஒன்றரை ஷிப்ட் முழுக்க வியர்வையில் ஊறும் நைலான் துணியும் அதற்குத் தோது. ஊருக்கெல்லாம் காட்டன் ஜட்டி தைத்து அனுப்புகிற நாம், அதையே போட்டுக்கொள்ளலாம். ஹாஸ்டலில் வெட்கப்பட்டு நைட்டிக்கு அடியில் மறைத்து உலர்த்தாதே. நன்றாகக் காய்ந்ததையே உடுத்து.

வெள்ளை எல்லாம் ஒன்றல்ல. திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக, பெரிதாக நாற்றமில்லாமல், அரிப்பும் எரிச்சலுமாக இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. மீன் கவிச்சி அடித்தால் அது பாக்டீரியா, மருந்தே வேறு. பச்சையாக, நுரையாகப் பட்டால் அது இன்னொரு கிருமி. கணவருக்கும் சேர்த்து மருந்து தர வேண்டியிருக்கும். அதனால்தான் தோழிக்குக் கேட்ட மாத்திரை உனக்குக் கேட்காமல் போகிறது.

பூஞ்சைதான் என்றால் வைத்தியம் எளிது. க்ளோட்ரிமசோல் என்று உள்ளே வைக்கும் மாத்திரை உண்டு. அல்லது ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், பெரும்பாலும் ஒரே வேளை. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் அதை டாக்டரிடம் முதலில் சொல். கர்ப்பத்தில் ஃப்ளூகோனசோல் கூடாது, உள்ளே வைக்கும் மாத்திரைதான் ஏழு இரவுக்குத் தருவார்கள். மெடிக்கலில் தூக்கிக் கொடுக்கும் கலப்பு க்ரீமை வாங்கவே வாங்காதே. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு பூஞ்சை பரவும். டெட்டால் ஊற்றிக் கழுவுவதும் புண்ணாக்கும். வெறும் தண்ணீர் போதும்.

மாத்திரை என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசியது. மாதவிடாய் வலிக்கு வேலையிடத்தில் அவர்களுக்குக் கொடுத்த மாத்திரைகளில் பெயரே இல்லை. படிக்கும்போது எனக்கு நெஞ்சு பதறியது. என்ன விழுங்கினோம் என்று தெரியாதவள், ஒத்துக்கொள்ளாமல் போனால் டாக்டரிடம் எதைச் சொல்வாள்? அட்டையோடு கொடுக்காத எந்த மாத்திரையையும் வாயில் போடாதே.

இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதல்லவா? பெண் டாக்டர் இருக்கும் நேரம் விசாரித்துக்கொண்டு போ. வருஷத்தில் மூன்று தடவை இந்தப் பூஞ்சை வந்தால் சர்க்கரையும் பார்க்கச் சொல். அடிவயிறு வலித்தாலோ காய்ச்சல் அடித்தாலோ சனிக்கிழமை சம்பளம் வரட்டும் என்று காத்திருக்காதே, அன்றைக்கே கிளம்பு. சூப்பர்வைசர் என்னவென்று கேட்டால், உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னால் போதும்.