சில்லின் உறுதியில் சிக்கனம் தேடலாமா?

இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் இடைநிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற பகுதிகளில் வாழும் நடுத்தரக் குடும்பங்கள் பல, கைவசமிருந்த காரையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டன. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடுவது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்றாயிற்று. பழுதுபார்த்து ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் எந்தப் பாகத்தில் சிக்கனம் காட்டலாம், எதில் காட்டக்கூடாது என்ற தெளிவு அவசியமாகும்.

சிக்கனம் காட்டவே கூடாத இடங்களுள் முதன்மையானது சில்லு. காரின் ஒவ்வொரு சில்லையும் இரண்டு விடயங்களே தாங்கி நிற்கின்றன. ஒன்று, சில்லு சுழலும் நடுக்குடத்தைத் தாங்கும் பெயாரிங். மற்றது, அக்குடத்திலிருந்து நீட்டி நிற்கும், கராஜ்களில் 'ஸ்டட்' என்றழைக்கப்படும் நான்கு அல்லது ஐந்து திருகாணிகள். வண்டி அச்சுக்கான பந்துப் பெயாரிங்குக்கு வேல்ஸ் நாட்டவரான பிலிப் வோன் 1794ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. உராய்வைக் குறைக்கும் உருக்குப் பந்துகளும், அவற்றைக் காக்கும் கிரீஸும், நீரும் தூசும் புகாது தடுக்கும் ஓர் இறப்பர் மூடியுமே அதன் உயிர்நாடியாகும்.

கொழும்பில் இம்மூடிக்குச் சோதனைகள் அதிகம். கடலோரத்து உப்புக் காற்று ஒருபுறமிருக்க, அடைமழையில் நீர் தேங்கும் வீதிகளில் குடம் மூழ்குமளவுக்குக் காரைச் செலுத்துவோரும் உளர். 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்தின்போது வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளில் வாகனங்களே மூழ்கிக் கிடந்தமையை மறக்கவியலாது. ஓடிச் சூடான குடம் நீரில் திடீரெனக் குளிரும்போது உட்புறக் காற்றுச் சுருங்கி, தேய்ந்த மூடியினூடாக நீரை உள்ளிழுத்துக்கொள்கின்றது. அதன் விளைவு உடனே தெரிவதில்லை. சில வாரங்களோ மாதங்களோ கழிந்து, ரயரின் இரைச்சலை ஒத்த ஓர் உறுமலாகவே அது வெளிப்படும்.

இவ்வுறுமல் வேகத்தோடு கூடும். காரை இடப்புறம் திருப்பும்போது பாரம் வலப்பக்கச் சில்லுகளுக்கு மாறுவதால், அப்போது ஓசை அதிகரிப்பின் வலப்பக்கப் பெயாரிங்கையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஜாக்கியில் உயர்த்திய சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்க்கையில் தளர்வு தென்பட்டால் காலதாமதம் கூடாது. காலி வீதி நெரிசலில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் பொறுத்துக்கொள்ளும் பெயாரிங், பெருநாளுக்கோ பொங்கலுக்கோ ஊர் செல்லும் நெடும்பயணத்தில் கடுமையாகச் சூடேறி இறுகிப் போகலாம்.

புதிய பெயாரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றும் வழக்கம் சில கராஜ்களில் இன்னும் நிலவுகின்றது. இது புதிய பாகத்தை ஏற்றும்போதே பழுதாக்கும் செயலாகும். பிரெஸ் இயந்திரத்தால் ஏற்றும்போதும், இருக்கையினுள் செலுத்துகையில் வெளி வளையத்தின் மீதும், அதனுள் குடத்தைச் செலுத்துகையில் உள் வளையத்துக்கும் அழுத்தத் தாங்கல் கொடுக்க வேண்டும். மாறிச் செய்தால் பந்துகள் ஓடும் பாதையில் நுண்ணிய குழிகள் விழும். புதிய பெயாரிங் சில மாதங்களிலேயே மீண்டும் உறுமுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏபிஎஸ் தடை வசதியுள்ள பல கார்களில் பெயாரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். அப்பக்கம் மாறினால் அவ்வசதி செயலிழந்துவிடும்.

குடம் கழற்றப்பட்டிருக்கும் இவ்வேளையே திருகாணிகளை மாற்றுவதற்கும் உகந்தது. அகன்ற அலோய் சில்லு பூட்ட விரும்பும் இளைஞர்கள், சில்லை வெளியே தள்ளும் 'ஸ்பேசர்' தட்டுகளை இடுகின்றனர். 15 மில்லிமீற்றர் தடிப்புள்ள தட்டு, திருகாணியின் நீளத்தில் 15 மில்லிமீற்றரை விழுங்கிவிடும். எஞ்சிய இரண்டு மூன்று புரிகளில் நட்டைப் பூட்டி ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும். திருகாணியின் விட்டமளவுக்கேனும் நட்டு புரியில் ஏறவேண்டும் என்பது பொது விதி. 12 மில்லிமீற்றர் திருகாணியில் 1.5 மில்லிமீற்றர் புரியாயின் எட்டுச் சுற்றுகள், 1.25 ஆயின் ஏறத்தாழப் பத்துச் சுற்றுகள் தேவை. டொயோட்டா, ஹொண்டா கார்களில் பெரும்பாலும் முன்னையதும், நிசான், சுசுகி கார்களில் பின்னையதும் உள்ளன. ஒன்றின் நட்டை மற்றதில் பலவந்தமாக ஏற்றினால் புரி அழிந்துவிடும்.

ஆகவே தட்டு இடுவோர் நீளமான திருகாணி பூட்டியே ஆகவேண்டும். அதன் அடிப்பகுதிப் பல்வரையின் விட்டம் குடத்தின் துளைக்குப் பொருந்த வேண்டும். சிறிதாயின் திருகாணி சுழலும். பெரிதாயின் குடம் வெடிக்கும். எனினும் நீளமான திருகாணி நட்டைக் காக்குமேயன்றிப் பெயாரிங்கைக் காக்காது. சில்லு வெளியே நகரும் ஒவ்வொரு மில்லிமீற்றரும் பெயாரிங்கின் மீதான நெம்புவிசையைக் கூட்டுகின்றது. அழகுக்கான விலையை அது தன் ஆயுளைக் குறைத்துச் செலுத்துகின்றது.

இறுதியாக, நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாக மாற்றி மாற்றி, கையேடு கூறும் அளவுக்கு, முறுக்குவிசை காட்டும் ஸ்பானராலேயே இறுக்க வேண்டும். பல சிறிய கார்களுக்கு அவ்வளவு 100 நியூட்டன் மீற்றரை அண்டியது. காற்றுத் துப்பாக்கியால் அளவின்றி இறுக்குவது திருகாணியை இழுத்துப் பலவீனமாக்கும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடியும் சரிபார்த்தல் அவசியம்.

2008ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள வருடாந்தப் புகைப் பரிசோதனை, புகையை அளப்பதற்கானதேயன்றிச் சில்லின் உறுதியைச் சோதிப்பதற்கானதன்று. அப்பொறுப்பு உரிமையாளரையே சார்ந்துள்ளது. கழன்றோடும் சில்லு காருக்குள் இருப்போரை மட்டுமன்றி, நடைபாதையில் செல்லும் பாடசாலைப் பிள்ளையையும் தாக்கக்கூடும். கராஜில் கூலியைப் பேரம் பேசுவோர், வேலை எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதையும் ஒருமுறை கேட்டறிவார்களாயின் அதுவே பெரும் பாதுகாப்பாக அமையும்.