முகம் வெளுக்கும்; சிறுநீரகம் கெடும்!

சில நாட்களில் முகத்தைச் சிவப்பாக்கும் என்று விற்கப்படும் களிம்புகள் சிறுநீரகத்தையே பதம் பார்க்கின்றன. பாலக்காட்டை அடுத்த மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை டாக்டர்கள் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் ஆகியோர் இதைக் கண்டறிந்தனர்.

சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு பழுதாகி, சிறுநீரில் புரதம் கசியும் நோயுடன் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை அங்கு 22 பேர் வந்தனர். இவர்களில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு வகை. விசாரித்ததில், அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசி வந்தவர்கள்!

குற்றவாளி பாதரசம். தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் உற்பத்தியை அது தடுப்பதால் முகம் வெளுக்கிறது. ஆனால் தோல் வழியே ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் தங்கிவிடுகிறது. தோலிலும் தடிப்பும் நிறத் திட்டுகளும் உண்டாகலாம்.

கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை தொடங்கியது. பின்னர் பரிசோதித்த சில மாதிரிகளில், அனுமதித்த அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்தது.

கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ களிம்பு வாங்குவோர், தயாரிப்பாளரின் முகவரியும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லாததைத் தொடக் கூடாது. காலில் வீக்கமோ சிறுநீரில் நுரையோ கண்டால், களிம்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் செல்வது நல்லது. பூச்சை நிறுத்திய பின் பலருக்கு நோய் தணிந்திருக்கிறது.