மூன்று ஜோடி இலை

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டதும் மும்பை தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஆதிவாசிப் பெண்கள் கோணியை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். பால்கர், கர்ஜத் பக்கமிருந்து விடிவதற்குள் ரயிலேறி வந்தவர்கள். அவர்கள் விற்பது தோட்டத்துக் கீரை இல்லை. மராத்தியில் 'ரான்பாஜி' என்பார்கள். காட்டில் தானாக முளைத்தது. டாகளா, குர்டு, போட்ஷி, ஷேவளா என்று பெயர்கள். தமிழர்கள் நிறைய வாழும் மாட்டுங்காவிலிருந்து ஒரே ஸ்டேஷன்தான். ஆனாலும் நம்மவர்கள் பலர் பெயர் புரியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். குனிந்து பார்த்தால் டாகளா நம் தகரை, குர்டு நம் பண்ணைக்கீரை. ஊரில் வரப்போரம் சும்மா பறித்ததுதான்.

தகரையின் விதைத்தோல் கல் மாதிரி. கோடை முழுக்கக் காய்ந்த மண்ணில் கிடந்துவிட்டு, முதல் மழையில் கூட்டமாக முளைக்கும். மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் பெரும்பகுதி நான்கே மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. செடியும் அதற்குள் பூத்துக் காய்த்தாக வேண்டும். அதனால் கொழுந்து கிடைப்பது சில வாரங்கள்தான். பூ வந்துவிட்டால் கீரை முற்றிக் கசக்கும்.

பறிக்கக் கிளம்புகிறவர் இலையை எண்ணத் தெரிந்துகொள்வது நல்லது. தகரைக்கு ஒரு காம்பில் மூன்று ஜோடி இலை. நுனி மழுங்கி, அடியைவிட மேலே அகலமாக இருக்கும். சாயங்காலம் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே அதே மஞ்சள் பூவோடு நிற்கும் பேயாவரைக்கு நான்கைந்து ஜோடி, கூரான நுனி, கசக்கினால் நாற்றம். அந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை. 2016-ல் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது முதலில் மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். வேலூரைச் சேர்ந்த வைராலஜி நிபுணர் டி. ஜேக்கப் ஜான் தலைமையில் போன குழு, பல குழந்தைகள் பேயாவரை விதையைத் தின்றிருந்ததைக் கண்டுபிடித்தது. அதிலுள்ள ஆந்த்ரகுயினோன் என்ற நச்சு கல்லீரலையும் தசையையும் மூளையையும் தாக்கியிருந்தது.

இது காட்டோரத்துக் கதை. நகரத்துக்குள் வந்தால் சிக்கல் வேறு மாதிரி. தாராவி 90 அடி சாலையில் சாக்கடை மூடிக்கும் சுவருக்கும் நடுவே விரலளவு இடுக்கில் பருப்புக்கீரை தளதளவென்று படர்ந்திருக்கும். அடையாளத்தில் குழப்பமே இல்லை; யார் வீட்டுப் பாட்டியும் சொல்லிவிடுவார். விஞ்ஞானிகளுக்கும் பிடித்த செடி அது. இலைக்குள் ஒமேகா-3 கொழுப்பு இருப்பதை 1986-ல் ஆர்ட்டெமிஸ் சிமோபூலோஸ் எடுத்துக்காட்டினார். மக்காச்சோளம், கரும்பு போல வேகமாக உணவு தயாரிக்கும் முறையும், கள்ளி போல இரவில் கரியமில வாயுவைச் சேமித்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் முறையும் இதன் இலையில் ஒரே செல்லுக்குள் ஓடுகின்றன என்று 2022-ல் யேல் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். கான்கிரீட் இடுக்கில் பிழைக்கிற ரகசியம் அதுதான்.

சரி, பறிக்கலாமா? நான் பறிப்பதில்லை. ஈயம் வேர் வழியாக அவ்வளவாக மேலே ஏறாது. பெரும்பாலும் தூசியாக இலைமேல் படியும். நன்றாக அலசினால் நிறையப் போய்விடும். காட்மியம் அப்படியில்லை, வேர் வழியாக ஏறி இலைக்குள்ளேயே தங்கும். இதில் தண்டுக்கீரைக் குடும்பம் பெரிய ஆசாமி. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நின்றுவிட்டது, ஆனால் அது கக்கிய ஈயம் சாலையோர மண்ணைவிட்டுப் போகாது. கலிபோர்னியாவில் பெர்க்லி, ஓக்லாந்து தெருக்களில் முளைத்த கீரைகளைச் சோதித்த பிலிப் ஸ்டார்க் குழு, கழுவிய இலையில் உலோகங்கள் ஆபத்தான அளவில் இல்லை என்று 2019-ல் எழுதியது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அந்தத் தெருக்களின் ஓரத்தில், தாராவியை ஒட்டிச் சாக்கடையாக ஓடும் நம் மித்தி ஆறு இல்லை. தாராவியை ஒட்டியிருக்கும் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள்: 37 ஏக்கர், 1994-ல் திறந்தது, மழைக்காலத்தில் காடு மாதிரி அடர்ந்திருக்கும். அடியில் இருப்பது நகரம் ஆண்டுக்கணக்கில் கொட்டிய குப்பை.

வாய் ஊறினால் மரத்தை அண்ணாந்து பாருங்கள். உலோகம் வேரில் அதிகம், இலையில் அடுத்து, பழத்தில்தான் மிகக் குறைவு. செம்பூர் பழைய காலனிகளில் காம்பவுண்டுக்கு உள்ளே நிற்கும் நாவலும் புளியும் சாக்கடையோரக் கீரையைவிட எவ்வளவோ மேல்.

கோணிக்குத் திரும்புவோம். அதில் விலை கூடிய சரக்கு ஷேவளா: பூக்குருத்து, கத்தரிக்காய் நிறத்தில் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சேனைக்கிழங்குக்குச் சொந்தக்காரன், ஆகவே நமைச்சலும் உண்டு. செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. மென்றதும் நாக்கில் குத்தும். கருணைக்கிழங்கு மசியலுக்கு நாம் புளி கரைப்பது போல, இங்கே காக்கட் என்ற புளிப்புக் காயைச் சேர்த்து வேகவைப்பார்கள். ஷேவளா விற்கிறவரின் கோணியிலேயே ஓரமாக அதுவும் பச்சைப் பச்சையாகக் குவிந்திருக்கும்.

"காக்கட் வேண்டாம் மாவ்ஷி, வீட்டில் புளி இருக்கிறது" என்றேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பதில் சொல்லாமல் ஏழெட்டுக் காயை எண்ணி, ஷேவளாவோடு சேர்த்து என் பையில் போட்டார். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.